டர்பனில் கரண்ட் போனால்: சோலார் பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு

இங்குள்ளவர்கள் கரண்ட் போய்விட்டது என்று சொல்வதில்லை. "விளக்குகள் போய்விட்டன" என்பார்கள், பட்டப்பகலாக இருந்தாலும். நான் 2022 கடைசியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து சாட்ஸ்வர்த் என்ற புறநகரில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்குக் குடியேறிய முதல் வாரத்தில், வீட்டுக்கார ஆன்ட்டி கதவைத் தட்டி, "எட்டு மணிக்கு விளக்குகள் போகும், ஏழரைக்குள் சோறு வடித்துவிடு" என்றார். சொன்னபடியே எட்டு மணிக்குப் போயிற்று. 2012இல் தமிழ்நாட்டின் மின்வெட்டில் படித்துத் தேர்வெழுதியவன் நான். இருட்டு எனக்குப் புதிதல்ல. இருட்டுக்குக் கால அட்டவணை போட்டுக் கைப்பேசிச் செயலியில் அனுப்புவதுதான் புதிது.

அடுத்த மாதமே ஒரு "சோலார் ஜெனரேட்டர்" வாங்கினேன். தவறான ஒன்றை. கடைக்காரர் ஃப்ரிட்ஜ் மூன்று மணி நேரம் ஓடும் என்றார். வீட்டுக்கு வந்து மாட்டியதும் கம்ப்ரசர் ஒரு முறை முனகியது, பெட்டி டிக் என்று அணைந்தது. மீண்டும் போட்டேன், மீண்டும் டிக். தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வருகிற நம்மவர்களும், இங்கேயே இருந்து இதுவரை மெழுகுவர்த்தியோடு காலம் தள்ளியவர்களும் அந்த டிக் சத்தத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். கடைகளில் இதை சோலார் ஜெனரேட்டர் என்றும், பவர் ஸ்டேஷன் என்றும் விற்கிறார்கள். அது எதையும் உற்பத்தி செய்வதில்லை. உள்ளே ஒரு பேட்டரி, அதன் நேர்மின்னோட்டத்தை 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக்கும் ஒரு இன்வெர்ட்டர், சார்ஜ் ஏற்றும் சுற்று, அவ்வளவுதான். சோலார் தகடு பெரும்பாலும் தனியாக விற்கப்படும். ஆகவே நீங்கள் வாங்குவது ஒரு பேட்டரிப் பெட்டி. பெட்டி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

உங்களுக்கு எந்த இருட்டு?

தென்னாப்பிரிக்காவில் மின்தடை இரண்டு வகை. ஒன்று லோட் ஷெடிங். தேவைக்கு ஏற்ற மின்சாரம் இல்லாதபோது அரசு மின் நிறுவனமான எஸ்காம் பகுதி பகுதியாக நிறுத்தும். எவ்வளவு நிறுத்துகிறார்கள் என்பதை நிலைகளாக அறிவிப்பார்கள். ஒவ்வொரு நிலைக்கும் ஏறத்தாழ 1000 மெகாவாட் குறைப்பு. ஆறாம் நிலை என்றால் 6000 மெகாவாட். அந்த ஆறாம் நிலை முதன்முதலில் 2019 டிசம்பரில் வந்தது. டர்பனில் ஒரு முறை நிறுத்தினால் பொதுவாக இரண்டு மணி நேரம், இணைப்பை மாற்றிக் கொடுக்க இன்னும் அரை மணி நேரம் வரை. நிலை உயர உயர, ஒரே நாளில் இரண்டு மூன்று முறை போகும். 2023 மிக மோசமான ஆண்டு. பிறகு 2024 மார்ச் 26க்குப் பின் பத்து மாதம் ஒன்றுமே இல்லை. தொல்லை ஒழிந்தது என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, 2025 ஜனவரி 31 அன்று திரும்பி வந்தது. பிப்ரவரியில் மீண்டும் ஆறாம் நிலை வரை போயிற்று.

மற்றது அட்டவணையில் இல்லாத இருட்டு. கேபிள் திருட்டு, வெடித்த மின்மாற்றி, புயல், வெள்ளம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசுலு-நடால் மாநிலத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் தண்ணீரும் இல்லை. ஆன்ட்டி இன்றும் மழை பலத்தால் முதலில் வாளிகளில் தண்ணீர் பிடித்து வைப்பார், பிறகுதான் வேறு வேலை.

இந்த இரண்டுக்கும் தேவைப்படுவது வெவ்வேறு பெட்டி. லோட் ஷெடிங்குக்கு இரண்டரை மணி நேரம் தாங்கி, கரண்ட் வந்ததும் சுவர் சாக்கெட்டிலிருந்து வேகமாக நிரம்பும் பெட்டி வேண்டும். தகடு இல்லாவிட்டாலும் நட்டமில்லை. நாள்கணக்கான இருட்டுக்குத்தான் தகடு. "சோலார்" என்ற சொல்லில் மயங்கித் தகட்டுக்குப் பாதிப் பணத்தைக் கொட்டிவிட்டுச் சின்னப் பெட்டியோடு திரும்பும் பலரை இங்கே பார்த்துவிட்டேன். பணம் குறைவென்றால் முதலில் பெட்டிக்குப் போடுங்கள், தகடு அடுத்த போனஸுக்குக் காத்திருக்கட்டும்.

பெட்டியே வேண்டாம் என்றும் இருக்கலாம்

கடைக்குப் போகும் முன் இதையும் யோசியுங்கள். இணையத்துக்கான ரவுட்டரும், ஃபைபர் கம்பி வந்து சேரும் சிறிய பெட்டியும் சேர்ந்து 15 வாட் அளவுதான் எடுக்கும். அவற்றுக்கென்றே உள்ளங்கை அளவு மினி யுபிஎஸ் இங்கே எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. கரண்ட் போனாலும் தானே சில மணி நேரம் எரியும் ரீசார்ஜ் எல்இடி பல்புகளும் கிடைக்கின்றன. சமையலுக்கு இரண்டு அடுப்பு கொண்ட கேஸ் ஸ்டவ்வும் 9 கிலோ சிலிண்டரும். தனியாள், அல்லது வேலைக்குப் போய் இரவு திரும்பும் தம்பதி என்றால், இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பெட்டி விலையில் சிறு பங்குதான் ஆகும்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்கள், தூக்கத்தில் மூச்சுக்கருவி வைத்துக்கொள்பவர்கள், இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டியவர்கள்: இவர்கள் மேலே படியுங்கள்.

கணக்கு: குடமும் குடத்தின் வாயும்

பெட்டியின் மேல் இரண்டு எண்கள் பெரிதாக இருக்கும். வாட்மணி என்பது குடம் எவ்வளவு பிடிக்கும் என்பது. வாட் என்பது குடத்தின் வாய் எவ்வளவு அகலம் என்பது. குடம் பெரிதாக இருந்து வாய் குறுகினால் கெட்டில் ஓடாது. வாய் அகன்று குடம் சிறிதானால் பத்து நிமிடத்தில் காலி. விளம்பரத்தில் வாட் எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டு வாட்மணியை மூலையில் தள்ளியிருந்தால் கொஞ்சம் விலகி நில்லுங்கள். நம் ஊர் மின்கட்டண அட்டையில் பார்த்த அதே யூனிட்தான் இங்கேயும்: 1000 வாட்மணி ஒரு யூனிட்.

ஒரு தாளை எடுத்து, இருட்டில் உண்மையாகவே என்ன ஓட வேண்டும் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டுத் தாள் இது. ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் 15 வாட். மூன்று எல்இடி விளக்கு, ஒன்று 8 வீதம் 24. மேசை விசிறி 50; டர்பனின் பிப்ரவரிப் புழுக்கம் சென்னையின் தங்கை. மடிக்கணினி 60. மொத்தம் 149 வாட். இரண்டரை மணி நேரத்துக்குப் பெருக்கினால் 372 வாட்மணி. இன்வெர்ட்டர் தன் பங்குக்கு எடுத்துக்கொள்வது போகப் பெட்டி அளவில் 85 சதவீதம்தான் கையில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 372ஐ 0.85ஆல் வகுத்தால் ஏறத்தாழ 438. ஆக, 500 வாட்மணிப் பெட்டி போதும்.

டிவி வேண்டும் என்றால் 80 வாட், அதாவது இன்னும் 200 வாட்மணி. ஃப்ரிட்ஜ் நின்று நின்று ஓடுவதால் சராசரி 55 வாட் என்று எடுத்தால், இன்னொரு 137. எல்லாம் சேர்த்து 710, வகுத்தால் 835. இப்போது 1000 வாட்மணிப் பெட்டிக்கு வந்துவிட்டோம். உங்கள் கருவிகளின் வாட் எவ்வளவு என்று ஊகிக்காதீர்கள். கருவியின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். அல்லது சாக்கெட்டில் செருகி அளக்கும் சிறு மீட்டரை யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்குங்கள்.

ஃப்ரிட்ஜைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், என் பணம் போனது அதில்தான். ஓடும்போது நூறு, நூற்றைம்பது வாட் எடுக்கும் ஃப்ரிட்ஜ், கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப் போலப் பல மடங்கு கேட்கும். என் பழைய பெட்டி 300 வாட். அதனால்தான் டிக். சாதாரணக் குடும்ப ஃப்ரிட்ஜுக்கு 1000 வாட் தொடர்ச்சியாகவும், நொடிநேரத்துக்கு அதற்கு இரட்டிப்பாகவும் தரும் பெட்டி இருந்தால் நிம்மதி. ஆனால் இரண்டரை மணி நேரத்துக்கு ஃப்ரிட்ஜை ஓட்டவே தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் வரை குளிர் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர், மூடியே இருந்தால், இரண்டு நாள் வரை தாங்கும். இங்கே நம்மவர் வீடுகளில் ஃப்ரீசர் முழுக்க ஆட்டிறைச்சியும் மீனும் மாதக் கணக்கில் அடுக்கியிருப்பதால் இந்தக் கவலை பெரிது. புரட்டாசி மாதம் மட்டும் விதிவிலக்கு. ஊரே விரதம், ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட்டுகள்தான் கிடக்கும்.

சூடு தரும் எதையும் பெட்டியில் மாட்டாதீர்கள். கெட்டில் 2000 வாட், இஸ்திரிப்பெட்டி அதே அளவு, கீசர் 3000. இவை குடத்தைக் கவிழ்ப்பதற்குச் சமம். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி 500, 750 வாட்தான், ஓடும் நேரமும் குறைவு, ஆகவே 1000 வாட் பெட்டியில் சட்னி அரைக்கலாம். மாவாட்டுவதை அட்டவணை பார்த்து முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

மூச்சுக்கருவி வைத்திருப்பவர்கள் இரவு முழுவதுக்கும் கணக்கிடுங்கள், இரண்டரை மணி நேரத்துக்கு அல்ல. சூடாக்கும் ஈரப்பதக் கலனை அணைத்தால் பெட்டியின் சுமை நன்றாகக் குறையும். ஆக்சிஜன் செறிவூட்டி 300 வாட்டுக்கு மேலும் எடுக்கக்கூடும். அதற்கு ஒரே பெட்டியை நம்பக் கூடாது, மாற்று சிலிண்டர் பற்றி மருத்துவரிடம் பேசி வைத்திருக்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

பேட்டரி எந்த வகை? லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் வாங்குங்கள். மூவாயிரம் முறை அளவுக்கு நிரப்பிக் காலி செய்தாலும் பெரும்பகுதிக் கொள்ளளவு மிஞ்சும், சூட்டையும் பொறுத்துக்கொள்ளும். நிக்கல் மாங்கனீசு கோபால்ட் வகை எடை குறைவு, ஆனால் ஐந்நூறு முதல் எண்ணூறு முறைக்குள் தளர்ந்துவிடும். அது எப்போதாவது முகாமுக்குப் போகிறவர்களுக்கு. ஒரு நாளில் மூன்று முறை கரண்ட் போகும் ஊருக்கு அல்ல. ஜோஹனஸ்பர்க், லெனேசியா பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜூலை இரவுகளில் வெளியே உறைநிலையை ஒட்டிப் போகும். பூஜ்ஜியத்துக்குக் கீழே லித்தியம் பேட்டரியில் சார்ஜ் ஏற்றக் கூடாது, ஆகவே பெட்டியைக் கார் நிறுத்துமிடத்தில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள். டர்பனில் அந்தக் கவலை இல்லை.

இன்வெர்ட்டர் தூய சைன் அலையாக இருக்க வேண்டும். மாற்றியமைக்கப்பட்ட சைன் அலை என்று எழுதியிருந்தால் விசிறி ரீங்கரிக்கும், மோட்டார்கள் சூடாகும். மலிவுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மலிவு என்றதும் இங்கே நினைவுக்கு வருவது டிராலி. சக்கரம் வைத்த ஒரு பெட்டிக்குள் ஈய அமில பேட்டரி, மேலே இன்வெர்ட்டர். நம் ஊர் வீட்டு இன்வெர்ட்டரை அறிந்தவர்களுக்கு உடனே பிடித்துப்போகும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் பெருக்கி 1200 வாட்மணி என்பார்கள். ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் போகும். ஆகவே 600, இழப்பு போக 500. மீண்டும் நிரம்ப எட்டு, பத்து மணி நேரம். நான்காம் நிலைக்கு மேல் போனால் அடுத்த மின்தடை அதற்குள் வந்துவிடும், பேட்டரி அரைப்பட்டினியிலேயே கிடந்து ஓராண்டில் செத்துப்போகும். நம் ஊரில் அதே பேட்டரி ஏழு ஆண்டு உழைத்தது என்றால், அதற்கு நிரம்ப நேரம் கிடைத்தது.

அதனால்தான் சுவரிலிருந்து எத்தனை வாட்டில் சார்ஜ் ஏறும் என்ற எண் இங்கே உயிர்நாடி. பெரும்பாலோர் அதைக் கேட்பதே இல்லை. மடிக்கணினிக்கு இருப்பது போன்ற வெளி அடாப்டரோடு வரும் 1000 வாட்மணிப் பெட்டி நிரம்ப ஆறேழு மணி நேரம் ஆகலாம். நேரடியாகச் சுவரில் செருகி 1000 வாட்டில் ஏற்றிக்கொள்ளும் பெட்டி ஒன்றேகால் மணி நேரத்தில் தயார். ஒரு முறை நிரப்ப ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் செலவு. ப்ரீபெய்டு மீட்டரில் அது தெரியக்கூடத் தெரியாது.

சாக்கெட்டையும் பாருங்கள். இங்குள்ள பிளக்கில் மூன்று தடித்த உருண்டைப் பின்கள், நம் ஊர் 15 ஆம்பியர் பிளக்கைப் போல. பல பெட்டிகள் ஐரோப்பிய இரண்டு பின் துளையோடு வருகின்றன. அடாப்டர் மேல் அடாப்டர் செருகினால் தளர்ந்து சூடேறும். தென்னாப்பிரிக்க சாக்கெட்டே உள்ள பெட்டியைத் தேடுங்கள். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த 110 வோல்ட் பெட்டியை இணையத்தில் மலிவாகப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

துபாயிலிருந்து வரும் மச்சானிடம் ஒன்று கொண்டுவரச் சொல்லலாமே என்று தோன்றும். முடியாது. விமானத்தில் 160 வாட்மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணி கைப்பையிலும் சூட்கேஸிலும் கொண்டுபோக அனுமதி இல்லை. 100 முதல் 160 வரைகூட விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்.

தகடு: வடக்கு பார்த்து

ஊரில் சோலார் தகட்டைத் தெற்கு பார்த்துச் சாய்த்து வைப்போம். இங்கே சூரியன் வடக்கு வழியாகப் போகிறது. வந்த புதிதில் நானும் பழக்க தோஷத்தில் தெற்குப் பக்கம் சாய்த்துவிட்டு, தகடு பழுது என்று திட்டிக்கொண்டிருந்தேன். வடக்கு பார்த்து, டர்பன் அமைந்துள்ள அட்சரேகைக்கு ஏற்ப முப்பது பாகை சாய்வு. வீடு வாடகைக்குப் பார்க்கும்போதே பால்கனி எந்தத் திசை என்று கவனித்துக்கொள்ளுங்கள். தெற்குப் பால்கனி உள்ளவர்கள் தகடு வாங்கிப் பயனில்லை. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாலும் பெரும்பகுதி வீண்.

200 வாட் தகடு 200 வாட் தராது. நல்ல நண்பகலில் 130 முதல் 150. மேகமில்லாத ஒரு நாள் முழுவதும் நிழல் விழாமல் இருந்தால் 600, 700 வாட்மணி வரை எதிர்பார்க்கலாம். ஒரு கிளையின் நிழல் குறுக்கே விழுந்தால்கூட எண் சட்டென்று சரியும். டர்பனில் மழைக்காலமே கோடைதான், ஆகவே வெள்ளம் வரும் நாளில் தகடும் ஓய்வெடுக்கும். வானிலைத் துறை ஆரஞ்சு எச்சரிக்கை விட்டதும் பெட்டியைச் சுவரில் செருகி நூறு சதவீதம் ஏற்றி வைப்பது தகட்டைவிட நம்பகமானது. மழை விட்ட பிறகும் கம்பம் நிமிராமல் கிடக்கும் மூன்றாம் நாள், நான்காம் நாளில்தான் தகடு தன் விலையைத் திருப்பித் தரும்.

மடக்கும் தகடு தூக்க எளிது, விலை அதிகம். கூரையில் பதிக்கும் கண்ணாடித் தகடு வாட்டுக்கு வாட் பார்த்தால் மலிவு. அதை வாங்கினால் ஒரே ஒரு எச்சரிக்கை: பெட்டியின் சோலார் உள்ளீடு எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று பாருங்கள். உச்ச வரம்பு 60 வோல்ட் என்று இருக்கும் பெட்டியில், திறந்த சுற்றில், அதாவது எதிலும் இணைக்காதபோது, 50 வோல்ட் காட்டும் பெரிய தகடு ஒன்று சரி. இரண்டைத் தொடராக இணைத்தால் 100 வோல்ட். பெட்டி கருகும், உத்தரவாதமும் அதோடு போகும்.

தகட்டை வெளியே விரித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டாம். திருடர்கள் ஒரு காரணம். குரங்குகள் இன்னொன்று. சாட்ஸ்வர்த் பக்கம் வெர்வெட் குரங்குகள் கூட்டமாக வரும். என் மடக்குத் தகட்டின் இணைப்புக் கம்பியை ஒன்று வாழைப்பழம் உரிப்பதுபோல உரித்துப் பார்த்தது.

செய்யவே கூடாதது

இரு முனையிலும் ஆண் பிளக் வைத்த கம்பியால் பெட்டியைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்க விளக்கெரிய வைக்கும் "யோசனை" ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பிளக்கின் வெளியே நீட்டிய பின்னைத் தொட்டால் உயிர் போகும். மின்சாரம் தெருவுக்குப் பின்னோக்கிப் போய், கம்பத்தில் வேலை செய்பவரையும் கொல்லலாம். பெட்டியிலிருந்து நீட்டிப்புக் கம்பி போட்டுக் கருவிகளை நேரடியாக மாட்டினால் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. வீட்டின் டிபி போர்டோடு, அதாவது மின்பகிர்வுப் பலகையோடு, இணைக்க வேண்டுமானால் பதிவுபெற்ற எலெக்ட்ரிஷியன் செய்து, அதற்கான இணக்கச் சான்றிதழும் தர வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் தீ விபத்து வரும்போது காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க வாய்ப்புண்டு. சொந்த வீட்டுக்காரர்கள் அந்த அளவுக்குப் போவதானால் பெரிய பெட்டிக்குப் பதிலாகச் சுவரில் பதிக்கும் இன்வெர்ட்டரும் கூரைத் தகடும் வைப்பதே மேல் என்பது என் எண்ணம். பெட்டி வாடகை வீட்டுக்காரர்களின் துணை. காலி செய்யும்போது தூக்கிக்கொண்டு போகலாம்.

வாங்கும் நாளில்

விலையை வாட்மணியால் வகுத்து ஒப்பிடுங்கள், தள்ளுபடிச் சதவீதத்தைப் பார்க்காதீர்கள். மின்வெட்டு குறைந்த பிறகு பழைய பெட்டிகள் நிறைய விற்பனைக்கு வந்துவிட்டன. சில பெட்டிகளின் செயலியில் இதுவரை எத்தனை முறை நிரப்பப்பட்டது என்ற எண் தெரியும். அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் நடையைக் கட்டுங்கள். சோலாருக்கு வரிச்சலுகை உண்டு என்று யாராவது சொன்னால், தனிநபர்களுக்கான அந்தச் சலுகை கூரைத் தகட்டுக்கு மட்டும், 2023 மார்ச் முதல் 2024 பிப்ரவரி வரை இருந்தது, முடிந்துவிட்டது. பெட்டிக்கு அப்போதும் கிடையாது.

புதிதாக வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுநீக்கமா, மாற்றுப் பொருளா, பணமா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். என் முதல் கடைக்காரர் பணம் தராமல், அதே கடையில் வேறு பொருள் வாங்கிக்கொள்ளும் கிரெடிட் சீட்டுதான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். சட்டத்தின் பெயரைச் சொன்னதும் குரல் இறங்கியது. பாதிப் பணத்தையாவது மீட்டிருப்பேன், ரசீது மட்டும் இருந்திருந்தால்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே முழுவதும் சார்ஜ் ஏற்றி, சாயங்காலம் மெயின் சுவிட்சை நீங்களே அணைத்துவிடுங்கள். தாளில் எழுதிய எல்லாவற்றையும் மாட்டி இரண்டரை மணி நேரம் உட்காருங்கள். அரை மணிக்கொரு முறை சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி ரவுட்டர் வரை எட்டவில்லை, பெட்டியின் விசிறி தூங்கவிடாமல் சத்தம் போடுகிறது, ஒன்றுமே மாட்டாவிட்டாலும் மாறுமின்னோட்டப் பொத்தான் எரிந்தால் மணிக்குப் பத்து, இருபது வாட்மணி கசிகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். வாசல் கேட் மோட்டாரும் திருட்டு அலாரமும் தத்தம் சிறு பேட்டரியில் ஓடும். அவை செத்திருந்தால் அதுவும் அன்றே தெரிந்துவிடும், காருக்குள் உட்கார்ந்து இருட்டில் கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மீண்டும் மெயினைப் போடும் முன் டிவியையும் ஃப்ரிட்ஜையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து மாட்டும் பழக்கத்தையும் அன்றே தொடங்குங்கள்; உண்மையான மின்தடை முடிந்து கரண்ட் வரும்போது மின்னழுத்தம் ஒரு துள்ளு துள்ளித்தான் நிற்கும்.

மின்தடையே இல்லாத மாதங்களில் பெட்டியைக் காலியாகக் கிடக்கவிடாதீர்கள். பாதிக்குச் சற்று மேல் சார்ஜில், வெயில் படாத அலமாரியில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து ஏற்றுங்கள். ஆன்ட்டி தம்முடையதைப் பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆடி, தீபாவளி என்று நான்கு நாளில் எடுத்துத் துடைத்துச் சுவரில் செருகுகிறார்.